அருமைக்காரரும் கரி பஸ்ஸும்

எங்கள் ஊர்க் காளியண்ணக் கவுண்டருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. சிலருக்கு நீச்சல் வராததுபோல அவருக்கு அந்தச் சொல் வராது. அதனால் அவர் வெகுகாலம் கஷ்டப்பட்டதாகச் சொல்ல முடியாது. பஸ் வரும்வரைக்கும் அவருக்குப் பதிலாக வழித்தூரமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் எனக்குப் பெரியப்பா முறை. ஒரே கூட்டம், பங்காளி. எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கூட்டம் என்பது பெயரைவிட முக்கியம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கண்ணால் கண்டிராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நான் பி.ஏ. தேறி வந்தபோது (எங்கள் கூட்டத்தில் எனக்கு முன் ஒருவரும் தேறியதில்லை, இதுவரை பின்னும் இல்லை) வெண்ணந்தூர்ப் பிரிவுவரை வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனவர் அவர். வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “இனிமே படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களா சாமி?” எம்.ஏ. இருக்கிறது என்றேன். “அப்ப முடியலை” என்றார்.

அவர் அருமைக்காரர். எங்கள் கல்யாணங்களில் கங்கணம் கட்டுவதும், மாப்பிள்ளை கையையும் பெண் கையையும் சேர்த்து வைப்பதும், அரிசி தூவி வாழ்த்துவதும் அருமைக்காரர் பொறுப்பு. மனைவி உயிரோடிருக்க வேண்டும்; பிள்ளை பெற்றிருக்க வேண்டும்; முறைப்படி அருமைச் சீர் என்னும் சடங்கைச் செய்துகொண்டிருக்க வேண்டும். எல்லா ஊரிலும் அப்படி ஆள் கிடைப்பதில்லை. கைராசியுள்ள ஆள் அதைவிடக் குறைவு. காளியண்ணக் கவுண்டர் சேர்த்து வைத்த ஜோடி எதுவும் பிரிந்ததில்லை என்று பேர். எங்கள் பக்கத்தில் பொதுவாக எந்த ஜோடியும் பிரிவதில்லை. ஆனாலும் பேர் அவருக்கு.

வண்டிக் காலத்தில் கல்யாணம் என்றால் மூன்று நாள். முதல் நாள் போய்ச் சேருவார். மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு, மாடு அசை போட்டு முடித்தபின் புறப்படுவார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டில் எந்த எருமை கறவை, பெண் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பா நல்லதா என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கும். தூரத்து ஊரிலிருந்து அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் கல்யாணம் முடிந்தபிறகு வந்து சேரும். பிறகு சந்தையில் பார்க்கும்போது, “வராம இருந்துட்டீங்களே” என்பார்கள். “சேதி நேத்துத்தானுங்க வந்துச்சு” என்பார். இரண்டு பேரும் சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொள்வார்கள்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சேலம்–நாமக்கல் ரோட்டில் பஸ் விட்டார்கள். முதலில் எல்லோரும் நல்லது என்றார்கள். நல்லதுதான். சேலத்துக்குக் காலையில் போய்ப் பொழுதோடு திரும்பலாம். ஆனால் சேலத்திலிருந்தும் அதேபோல் இங்கே வரலாம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. காலையில் ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வந்து இறங்குவார்கள். “இன்னிக்கே வந்து எங்க கண்ணாலத்தை நடத்திக் குடுக்கோணுமுங்க” என்பார்கள். பஸ் இருக்கும்போது எப்படி வராமல் இருப்பது? மூன்று நாள் கல்யாணம் ஒரு நாளாயிற்று. ஒரே முகூர்த்த நாளில் அவர் விடியற்காலம் மல்லூர்ப் பக்கம் ஒரு ஜோடியைச் சேர்த்து வைத்து, மத்தியானம் ராசிபுரத்தில் ஒரு ஜோடியைச் சேர்த்து வைத்து, பொழுதோடு புதுச்சத்திரத்தில் இன்னொரு ஜோடிக்கு முன்னால் நின்றார். பந்தியில் உட்காருவார். இலையில் சோறு விழும். ரோட்டில் ஹார்ன் கேட்கும். எழுந்துவிடுவார். எந்தப் பெண் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று வள்ளியாத்தாள் கேட்டால், “மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு இருந்துச்சு” என்பார். வள்ளியாத்தாள் அவர் மனைவி.

மனிதர் ஏன் சுகப்படுவதில்லை என்பதற்குக் காலேஜில் எங்களுக்குப் பல காரணங்கள் சொன்னார்கள். ஆசை, அறியாமை, அகங்காரம், முற்பிறப்பு. பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் யோசித்துப் பார்த்த அளவில், முன்பு முடியாமல் இருந்ததெல்லாம் இப்போது முடிகிறது, முடிவதெல்லாம் கடமையாகிவிடுகிறது. முடியாது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று முடியாத காலத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காளியண்ணக் கவுண்டருக்கு ஒரே மகள், சௌந்திரம். நாமகிரிப்பேட்டையில் செங்கோடக் கவுண்டர் மகனுக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் காடை கூட்டம். தலை ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துவரப் பெரியப்பா போக வேண்டியது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மாரியம்மன் நோம்பிக்குப் போக வேண்டியது, இரண்டு கல்யாணம். மாமியார் வீட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்து, “உங்கப்பாவை நாங்க பாக்கோணும்னா இன்னொரு கண்ணாலந்தான் பண்ணோணும்” என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் அவளுக்குத் தலைப்பிள்ளை உண்டாயிற்று. மாதம் ஏறியதும் பிறந்த வீட்டார் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று பானை பானையாகக் கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் விருந்து போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். கட்டுச்சோற்று விருந்து. அதில் பெண்ணின் தகப்பன் சம்பந்தியைப் பார்த்து, ‘எங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறோமுங்க’ என்று கேட்பார். சம்பந்தி ‘சரிங்க’ என்பார். அதன்பிறகு அவள் வண்டி ஏறுவாள். நாள் பார்த்தாயிற்று. நல்ல நாள். நல்ல நாள் எல்லோருக்கும் நல்ல நாள்தானே.

மல்லூர்ப் பக்கத்திலிருந்து கருப்பண்ணக் கவுண்டர் என்பவர் வந்தார். அவர் அண்ணன் மகளுக்கு அதே நாளில் கல்யாணம்.

“அன்னைக்கு என்ற மகளுக்குக் கட்டுச்சோறுங்க” என்றார் பெரியப்பா.

“அது உச்சிக்குத்தானுங்களே. நம்முளுது விடியக்காலம். கை சேத்து வெச்சீங்கன்னா உங்க வேலை முடிஞ்சுது. மொதல் பஸ்ஸைப் புடிச்சா அங்க எலை போடறதுக்கு முந்தி நீங்க நிக்கலாமுங்க.”

பெரியப்பா சற்று நேரம் கூரையைப் பார்த்தார். முன்பெல்லாம் இந்த இடத்தில் வழி ஏதாவது சொல்லும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

“வாரேனுங்க” என்றார்.

கருப்பண்ணக் கவுண்டர் போனதும் வள்ளியாத்தாள் வெளியே வந்தாள். “ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு நான் என்ன சொல்றது?”

“உனக்கு முந்தி நான் அங்க இருப்பேன்னு சொல்லு.”

“ஆடிக்கும் இதையேதான் சொன்னீங்க.”

பண்ணையத்து ஆள் காத்தான் நாமகிரிப்பேட்டைக்கு முறுக்குமாவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது சௌந்திரத்தின் பதிலும் வந்தது. காத்தான் அதைக் குரல் மாற்றாமல் அப்படியே சொன்னான். “இந்தத் தடவையும் அப்பா வரலைன்னா நான் பொறந்த ஊட்டுக்கே வல்லை. பேறுகாலத்தை மாமியா ஊட்டுலயே பாத்துக்கறேன். அப்படீன்னு சொன்னாங்க.” தலைப்பிள்ளையை மாமியார் வீட்டில் பெறுவது என்பது தகப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான். பெரியப்பா அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்த் தனியாக நின்று, ‘எங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறோமுங்க’ என்று சொல்லிப் பார்த்ததைக் காத்தான் கேட்டிருக்கிறான்.

அதன்பின் நடந்ததை நான் பலரிடம் தனித்தனியாக விசாரித்துச் சரிபார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம் படிப்பினால் வந்தது.

மல்லூர்ப் பக்கத்துக் கல்யாணத்தில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. கை சேர்த்து வைக்கும் முன்னால் அருமைக்காரர் இரண்டு கூட்டத்தையும் சபையில் சொல்லிச் சம்மதம் கேட்பது அங்கே வழக்கம். பெரியப்பாவின் வாய் சபையில் இருந்தது. மனம் நாமகிரிப்பேட்டையில் காடை கூட்டத்துச் சம்பந்தி முன்னால் நின்றுகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை காடை கூட்டம். பொண்ணு காடை கூட்டம். சபையோருக்குச் சம்மதமுங்களா?”

பெண் தூரன் கூட்டம். சபையில் பாதிப் பேர் வழக்கப்படி கேட்காமலே “சம்மதம்” என்றார்கள். மீதிப் பேர் கேட்டுவிட்டார்கள்.

“ஏனுங்க, என்ற அண்ணன் புள்ளையை மாப்பிள்ளைக்குத் தங்கச்சி ஆக்கிப்போட்டீங்களே” என்றார் கருப்பண்ணக் கவுண்டர்.

“வாய் தவறிப் போச்சுங்க. தூரன் கூட்டமுங்க.”

“அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் முடிச்சுப்போட நம்மூருக்குத்தான் வரோணும்” என்று பந்தல்காலில் சாய்ந்திருந்த ஒருவர் சொன்னார். “அதுக்குச் சபை வேற சம்மதம் குடுத்துருச்சு.”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “வெளக்குக்கு முன்னால வந்த சொல்லு. தவறி வந்ததா, அம்மன் வர வெச்சதா, நமக்கென்ன தெரியும்? பூக் கேட்டுப்போட்டு மேல நடத்தலாம்.”

பூக் கேட்பது என்றால், அம்மன் தலையில் பூவை வைத்துவிட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று காத்திருப்பது. வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. சபை எழுந்து கோயிலுக்குப் போயிற்று. பூவை வைத்தார்கள். பூ எந்தப் பக்கமும் விழவில்லை. சந்தனக்காப்பு ஈரமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது என்று பூசாரி பிற்பாடு என்னிடம் சொன்னார். அன்று சபையில் சொல்லவில்லை; சொல்லக்கூடிய சந்தர்ப்பம் அல்ல என்றார். வெயில் ஏறியது. ரோட்டில் முதல் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பிறகு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வேறு அருமைக்காரரைத் தேடி ஆள் விட்டார்கள். முகூர்த்த நாள், அருமைக்காரர்கள் எல்லோரும் பஸ்ஸில் இருந்தார்கள்.

சந்தனம் காய்ந்ததும் பூ வலப்பக்கம் விழுந்தது. பெரியப்பா கூட்டத்தைச் சரியாகச் சொல்லிக் கையைச் சேர்த்து வைத்துவிட்டு, இலையைப் பார்க்காமல் ரோட்டுக்கு ஓடினார். உச்சி தாண்டியிருந்தது.

அடுத்த பஸ் கரி பஸ். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்புறம் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சமதரையில் ஓடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்க வேண்டும். பெரிய மேடானால் தள்ள வேண்டும். டிரைவர் நசுருல்லா சேலத்துக்காரர், பொறுமையானவர். பெட்ரோல் காலத்தில் கோபக்காரராக இருந்தார் என்று சொல்லுவார்கள்.

“பாய், நாமகிரிப்பேட்டைக்கு எப்பப் போவீங்க?” என்று கேட்டார் பெரியப்பா.

“அது கரியைத்தான் கேக்கணும் கவுண்டரே. ஏறுங்க. எடம் அடுப்புக்கிட்டதான் இருக்கு.”

ராசிபுரத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பெரியப்பா பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பக்கத்தில் தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார். புகைக்கு இருமினார். இருமல் தெரிந்த இருமலாக இருந்தது.

“ஏனுங்க, சம்பந்திங்களா?”

துண்டை விலக்கினார். செங்கோடக் கவுண்டர்தான். காலையில் சேலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு உச்சிக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர். முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

“நீங்க ஊட்டுல இல்லீங்களா?” என்றார் பெரியப்பா.

“நீங்க அங்க இருப்பீங்கன்னுதானுங்க நான் கெளம்புனேன்.”

“நீங்க இருப்பீங்கன்னுதானுங்க நானும் கண்ணாலத்துக்குப் போனேன்.”

“பேசிக்கிட்டே தள்ளுங்க” என்றார் நசுருல்லா. “பேசினா தள்ளக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லை.”

மறுபடி தள்ளினார்கள். பஸ் அசையவில்லை. வெயில் சாய்ந்துவிட்டது. இந்நேரம் விருந்து முடிந்திருக்கும், மகள் உள்ளே போய்ப் படுத்திருப்பாள் என்று நினைத்ததாகப் பெரியப்பா என்னிடம் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் நினைக்க வரவில்லையாம்.

அப்போது ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு கூண்டு வண்டி மேடேறி வந்தது. காத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளே காலிப் பானைகள், வள்ளியாத்தாள், சௌந்திரம். காத்தான் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்த இரண்டு பேரையும் பார்த்து, மாட்டை நிறுத்தி, மூக்கணாங்கயிற்றைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

“விருந்து?” என்றார் பெரியப்பா.

“முடிஞ்சுதுங்க” என்றாள் வள்ளியாத்தாள். “நீங்களும் இல்லை, சம்பந்தியும் இல்லை. சம்பந்தியம்மா சித்த நேரம் பாத்தாங்க. ‘ஆம்பளைங்க வந்து கேட்டுச் சொல்றதுக்குள்ள புள்ளையே பொறந்துரும், நீங்க கேளுங்க நான் சொல்றேன்’னாங்க. நான் கேட்டேன். அவிய ‘சரிங்க’ன்னாங்க. உச்சி சாயறதுக்குள்ளயே எலையெடுத்தாச்சு.”

“புள்ளை வல்லைன்னு சொல்லலியா?”

“சொன்னா. சம்பந்தியம்மாதான் ‘உங்கப்பன் கண்ணாலத்துக்குப் போனாரு, உன்ற மாமனாரு காதுகுத்துக்குப் போனாரு, இங்க இருந்தாலும் உனக்கு இதே கதிதான், போ’ன்னு ஏத்திவுட்டாங்க. வெளக்கு வெக்கறப்ப நீங்க ஊட்டுல இல்லைன்னா காலையில இதே வண்டியில திரும்பிருவேன்னு சொல்லிக்கிட்டேதான் வாரா.”

பஸ் மேடேறியிருந்தால் பெரியப்பா நாமகிரிப்பேட்டையில் போய் இறங்கியிருப்பார். மகள் வெண்ணந்தூர்ப் பக்கம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் பகுதியில் கரி பஸ்ஸால் விளைந்த நன்மை என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

சௌந்திரம் கூண்டுக்குள் இருந்தபடி வேறு பக்கம் பார்த்தாள். பெரியப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். சம்பந்தியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். தோட்டத்தில் சொல்லிப் பார்த்ததைத் தவறில்லாமல் சொன்னார்.

“எங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறோமுங்க.”

செங்கோடக் கவுண்டர் வண்டியைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். அவரும் துண்டை இடுப்பில் கட்டினார்.

“சரிங்க” என்றார்.

பிரயாணிகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும், “ஏறுன பொண்ணை எதுக்கு மறுக்கா கேக்கறாங்க?” என்றாள். நசுருல்லா, “முறைன்னா முறைதான் ஆத்தா” என்றார்.

சௌந்திரம் இப்போது திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். முகம், கை, தோள் எல்லாம் கரி.

“கையைக் கழுவிக்கிட்டு ஏறுங்கப்பா” என்றாள். “சீலையெல்லாம் கரியாயிரும்.”

“தள்ளறதுக்கு ஒரு ஆளு கொறையுதே கவுண்டரே” என்றார் நசுருல்லா.

“அவரு வரமாட்டாருங்க” என்றாள் வள்ளியாத்தாள். அந்தக் குடும்பத்தில் யாராவது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வழிநெடுக அவர் மல்லூர்க் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பூ ஒட்டிக்கொண்ட இடம் வந்ததும் சௌந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “போதுமுங்கப்பா, என்னமோ ஆயிரும்” என்றாள். பானையில் அடியில் கிடந்த எள்ளுச்சோற்றை அவர் வழித்துச் சாப்பிட்டார். வெகுகாலத்துக்குப் பிறகு ஹார்ன் கேட்காமல் சாப்பிட்ட சோறு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருந்தார், வைத்ததே அவர்தான்.

அருமைக்காரர் கூட்டத்தை மாற்றிச் சொன்ன சேதி பஸ்ஸிலேயே போயிற்று. அந்தத் தையில் ஒருவரும் அவரை அழைக்கவில்லை. பங்குனியிலும் இல்லை. முதலில் அவருக்கு வருத்தமாக இருந்தது. வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பார். பிறகு எழுந்து போகாமல் கேட்டார். பிறகு கேட்கவும் இல்லை. சௌந்திரத்துக்குப் பெண் பிறந்தது. பேத்திக்குத் தொட்டில் ஆட்டினார். மத்தியானம் தூங்கினார். சதை போட்டார். ‘காளியண்ணக் கவுண்டருக்கு என்ன நோவு, இவ்வளவு தெளிச்சியா இருக்காரு?’ என்று ஊரில் கேட்டார்கள்.

ஆனால் ஜனங்களுக்கு ஞாபகசக்தி குறைவு. சென்ற ஐப்பசியில் பஸ் முதலாளி ஒருவர் சொந்தக் காரில் வந்து எங்கள் ஊரில் இறங்கினார். அவர் மகனுக்குக் கல்யாணம். கார் வந்து கூட்டிப்போகும், கார் கொண்டுவந்து விடும் என்றார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“ரொம்பச் சந்தோசமுங்க” என்றார் பெரியப்பா. “பையன் காடை கூட்டம், இல்லீங்களா?”

“நாங்க ஆந்தை கூட்டமுங்க.”

“ஆமாங்க, ஆமாங்க. பொண்ணு?”

“பொண்ணு செம்பன் கூட்டம்.”

“நல்லதுங்க. பையன் செம்பன். பொண்ணும் செம்பன்.”

பஸ் முதலாளி திருத்தினார். பெரியப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டு மறுபடி சொன்னார். இந்தத் தடவை இரண்டு பேரும் ஆந்தையானார்கள். முதலாளிக்கு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் முகம் மாறியது. வள்ளியாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மோரைக் குடித்துவிட்டு, மற்றவர்களையும் கலந்துகொண்டு சொல்லி அனுப்புவதாகச் சொல்லி அவர் கார் ஏறினார். பெரியப்பா கார்வரை போய் வழியனுப்பினார். கடைசிவரை அவர் ‘வரமாட்டேன்’ என்று சொல்லவில்லை.

“ஏனுங்க பெரியப்பா, அவிய ஆந்தை கூட்டம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றேன்.

“அவரு கண்ணாலத்துலயே நாந்தான் கை சேத்து வெச்சேன்” என்றார். பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சரி, சந்தர்ப்பம் நன்றாக இருக்கிறது என்று எண்ணி நான் என் சேதியைச் சொன்னேன். திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பார்த்திருக்கிறார்கள், தையில் கல்யாணம், பெரியப்பாதான் வந்து நடத்தி வைக்க வேண்டும்.

அவர் மகிழ்ச்சியோடு என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“ரொம்பச் சந்தோசம் சாமி” என்றார். “நீ எந்தக் கூட்டம்?”